வாதாம் மரம் சிவந்ததற்கு எங்கள் ஆரத்தி காரணமல்ல

செம்பூர்,
மாசி மாதம், ஞாயிறு காலை

சான்பாடாவில் இருக்கும் மரியாதைக்குரிய சம்பந்தி அன்னத்தாய் அம்மாள் அவர்களுக்கு, செம்பூர் சங்கரேஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், என் கணவர், மகள் கோமதி, வாசலில் நிற்கும் வாதாம் மரம் ஆகிய நால்வரும் சௌக்கியம். அங்கே தாங்களும், சுரேந்திரன் அண்ணாச்சியும், மாப்பிள்ளை இசக்கிராஜும் சௌக்கியமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். நலம் சொல்லும் வரியில் மரத்தையும் சேர்த்ததை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தக் கடிதமே மரத்துக்காகத்தான்.

கடலோடையின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நீங்கள் நினைப்பீர்கள். ஃபோனில் சொல்லத்தான் பார்த்தேன். "இலை உதிர்வதற்கு முன்னால்" என்று நான் ஆரம்பித்ததுமே, கல்யாணப் பேச்சில் உதிர்வது என்ன பேச்சு என்று வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் எடுக்கவே இல்லை. அதனால் இசக்கிராஜிடமே கொடுத்தனுப்புகிறேன். அவருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்பதால் உறையை ஒட்டவில்லை. வாஷி பாலத்தைத் தாண்டும்போது பிரித்தாலும், சான்பாடா வருவதற்குள் "மரியாதைக்குரிய"வைத் தாண்டியிருக்க மாட்டார்.

மதினி, நிச்சயதார்த்தத்தன்று நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். தை பிறந்த வாரம், எங்கள் நாலாவது மாடி வீட்டில் நின்றவர்கள் உட்காரவும் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவும் முடியாத கூட்டம், போதாததற்கு அன்றைக்கென்று லிஃப்ட் வேறு நின்றுபோய் உங்கள் சனம் முழுக்க மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நான் அடுப்படியில் ஆரத்தி கரைத்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைத் தொட்டு வைத்ததும் அது சிவந்ததை இசக்கிராஜ் வாசல்படியில் நின்று பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, எப்படி ரெட் ஆச்சு?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு யோசித்தால் வெட்கமாக இருந்தது. பாவாடை கட்டிய வயதிலிருந்து எத்தனை தட்டு கரைத்திருப்பேன், ஒருநாள்கூட எனக்கு அந்தக் கேள்வி வரவில்லையே. ஆரத்தி எடுத்து முடித்ததும் தட்டைக் கணவர் கையில் கொடுத்து, கால் படாத இடமாக, வாசலில் நிற்கும் வாதாம் மரத்தடியில் ஊற்றிவிட்டு வரச் சொன்னேன். அவர் போனார், வந்தார், ஃபோட்டோவில் நின்றார். அவ்வளவுதான் நாங்கள் செய்தது.

போன மழைக்காலத்தில்தான் நாங்கள் தாராவியை விட்டு இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்தோம். அதனால் இந்த மரத்தைப் பச்சையாகத்தான் எனக்குத் தெரியும். தை முடிகிற சமயம் ஒரு காலையில் பால் பொங்குகிறதா என்று பார்க்க அடுப்படிக்குப் போனேன். அடுப்படி சிவந்திருந்தது. சுவர், பாத்திரம், என் கை எல்லாமே. எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து ஜன்னலுக்கு ஓடினேன். மரம். உச்சியிலிருந்து பாதி உயரம் வரை ஒவ்வொரு இலையும் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, வெயில் அதைத் துளைத்துக்கொண்டு என் வீட்டுக்குள் வந்து கொண்டிருந்தது. ஒரே இலையில் நரம்பு ஓரம் பச்சை, நடுவில் மஞ்சள், விளிம்பில் குங்குமம். பால் பொங்கி அடுப்பு அணைந்து காஸ் வாசனை வந்த பிறகுதான் திரும்பினேன். அமெரிக்காவில் இருக்கும் உறவுக்காரர்கள் கார் ஓட்டிக்கொண்டு போய் இப்படி மரங்களைப் பார்த்துப் படம் போடுவார்கள். குளிரே இல்லாத செம்பூரில், சாக்கடை மூடிக்கும் ஸ்கூட்டர் வரிசைக்கும் நடுவில், எனக்காக ஒன்று நிற்கும் என்று நான் எண்ணியதே இல்லை.

ஆனால் மூன்றாவது மாடி ராஜலக்ஷ்மிக்கு அது வேறு மாதிரித் தெரிந்துவிட்டது. தன் வீட்டுப் படிக்கட்டு ஓரத்து மணி பிளாண்டைத் தினமும் படமெடுத்து, நீங்களும் இருக்கிற அந்தக் கோயில் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறவர் அவர்தான். அன்று மணி பிளாண்டுக்குப் பதில் வாதாம் மரத்தைப் படமெடுத்து, ஆரத்தி கொட்டிய இடத்தில் நின்ற மரம் பட்டுக்கொண்டு வருகிறது, யார் கண்ணோ, என்று எழுதி, கும்பிடுகிற கை ஒன்றையும் போட்டார். அரை மணி நேரத்தில் நீங்கள் கூப்பிட்டீர்கள். நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை.

"பச்சை மரம் பட்டுப்போச்சுன்னா மனசு எப்படி மதினி கேக்கும்? வைகாசியில கல்யாணம் வேண்டாம். கொஞ்சம் ஆறப்போட்டுப் பாப்போம்."

உங்கள் பேரில் எனக்குக் கோபம் இல்லை. ஒரே மகனைப் பெற்றவர், பயம் வரத்தான் செய்யும். ஆனால் அன்றிலிருந்து கோமதி ஆபீஸ் விட்டு வந்தால் என்னிடம் எதுவும் கேட்பதில்லை, நேராக ஜன்னலுக்குப் போய் மரத்தைப் பார்க்கிறாள். ஒரு மரத்தின் உடம்பு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து என் பெண்ணின் கல்யாணம் நிற்கிறது என்றால், அந்த உடம்பைப் பற்றி நான் தெரிந்துகொள்ளத்தானே வேண்டும்?

இதற்குள் விஷயம் கட்டடத்துக்காரர்கள் கூடுகிற சொசைட்டி மீட்டிங்குக்குப் போய்விட்டது. செயலாளர் கதம் நல்ல மனிதர், ஆனால் ஏதாவது ஒன்று கெட்டால் அதற்கு ஓர் ஆள் வேண்டும் அவருக்கு. சுண்ணாம்பு வேரைச் சுட்டுவிட்டது, மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுங்கள் என்றார். என் கணவர் நம்பிராஜனைத்தான் உங்களுக்குத் தெரியுமே, கடைத்தெருவில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்கக் கூடாது என்று சொன்னவனோடு அரை நாள் சண்டை போட்டவர். அவர் அன்றைக்குத் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் காதோரம் குனிந்து, "ஏளா, போட்டும். எழுதிக் குடுத்திருவோம், என்ன கொறஞ்சா போயிருவோம்?" என்றார். எழுதிக் கொடுத்தால் ராஜலக்ஷ்மி அதையும் படமெடுத்துக் குரூப்பில் போடுவார், நீங்கள் பார்ப்பீர்கள், வைகாசி அதோடு முடிந்தது. நான் மாட்டேன் என்றேன்.

அப்போதுதான் மதினி, அந்த அதிசயம் நடந்தது. நான் மறுத்ததும் ஆளாளுக்குப் பழைய கதையை எடுத்தார்கள். இந்த மரத்துக்கு யாராவது வினை வைத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்றார் ஒருவர். போன வருஷம் கார் கழுவுகிறவன் சோப்புத் தண்ணீர் விட்டுச் சிவந்ததாம். அதற்கு முந்தின வருஷம் பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் டர்ப்பன்டைன் கொட்டியதில் சிவந்ததாம். அதற்கும் முன்னால் குழாய்க்குத் தோண்டியவர்கள், அதற்கும் முன்னால் கிளையில் சீரியல் பல்பு சுற்றியவர்கள், நடுவில் ஒரு வருஷம் ஆள் யாரும் கிடைக்காமல் காற்றில் வந்த புகை. எல்லோரையும் திட்டித் தீர்த்திருக்கிறார்கள், கார் கழுவுகிறவனை வேலையை விட்டே அனுப்பியிருக்கிறார்கள். நான் மெதுவாக ஒன்றுதான் கேட்டேன். இதெல்லாம் எந்த மாதத்தில் நடந்தது? கதம் தன் ஃபோனை எடுத்துப் பேத்தியின் பிறந்தநாள் படங்களைத் தேடினார். பிப்ரவரியில் பிறந்த குழந்தை. கைக்குழந்தையாக ஒரு படம், நடக்கிற வயதில் ஒரு படம், பல் விழுந்து ஒரு படம், பள்ளிச் சீருடையில் ஒரு படம். பிள்ளை வளர்ந்துகொண்டே போகிறது. பின்னால் மரம் ஒவ்வொரு படத்திலும் சிவந்தே நிற்கிறது. இத்தனை வருஷம் இத்தனை பேர் அதன் நிழலில் ஸ்கூட்டர் நிறுத்தி, குற்றவாளியைத் தேடினார்களே தவிர, மரம் தானாகவே இதைச் செய்யும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மீட்டிங் டீயோடு கலைந்தது. எனக்கு மட்டும் கலையவில்லை. தானாகவே என்றால் எப்படி? நான் பி.காம். படித்தவள், செடிகொடி பற்றித் தெரிந்ததெல்லாம் கீரையில் பூச்சி பார்ப்பது வரைக்கும்தான். தேடிப் படித்தேன். படித்ததை நம்ப முடியாமல் வீட்டிலேயே செய்து பார்த்தேன். கீழ்க்கிளையில் மிச்சமிருந்த பச்சை இலையைப் பறித்து, கொரோனா சமயத்தில் வாங்கிக் குவித்த சானிடைசரை ஊற்றி மிக்ஸியில் அரைத்து ஒரு கிண்ணத்தில் வைத்தேன். கொத்தமல்லிச் சட்னி என்று நினைத்து இட்லியோடு உட்கார்ந்த உங்கள் சம்பந்தியை அதன் வாசனைதான் காப்பாற்றியது. அந்தச் சாற்றில் ஒரு சாக்பீஸை நிறுத்தி வைத்துக் காத்திருந்தேன். பச்சை மெல்ல ஏறியது. அதற்கு மேலே, பச்சையை விட்டுப் பிரிந்து, மஞ்சளாக ஒரு கோடு தனியே ஏறி நின்றது. பச்சை இலைக்குள் மஞ்சள், மதினி. புதிதாக வந்ததல்ல, தளிர்விட்ட நாளிலிருந்து அங்கேயே இருந்தது. பச்சை தன் வேலையை முடித்துக்கொண்டு போனதும் அது தெரிகிறது, அவ்வளவுதான். அந்தச் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றிருந்தேன். மிக்ஸி ஜார் இன்னமும் நாறுகிறது, அது வேறு விஷயம்.

அடுத்து, சிவந்த இலையைக் கொதிக்க வைத்துச் சாறெடுத்து, அதில் நம் ஆரத்திச் சுண்ணாம்பைத் துளி சேர்த்தேன். சிவப்பு அப்படியே போய்ப் பச்சையும் பழுப்புமாக ஆகிவிட்டது. மஞ்சளைச் சிவப்பாக்குகிற அதே சுண்ணாம்பு, இலையின் சிவப்பை இல்லாமல் ஆக்குகிறது. ஆகவே எங்கள் ஆரத்திதான் மரத்தைச் சிவக்க வைத்தது என்று ராஜலக்ஷ்மி இனிமேலும் சொன்னால், என் அடுப்படிக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது அந்தச் சிவப்புதான். மஞ்சளைப் போல அது முன்பே இருந்ததல்ல. ஈரம் குறைந்து இலையை விடுவது என்று முடிவான பிறகு, மரம் அந்த இலைக்குள் இருக்கிற சத்தையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறதாம். அந்தச் சமயத்தில்தான் இலை மிச்சமிருக்கிற சர்க்கரையை வைத்துப் புதிதாகச் சிவப்பைச் செய்துகொள்கிறது. ஏன் என்பதில் படித்தவர்களுக்குள்ளேயே இன்னும் வாதம் இருக்கிறதாம். வேலை முடிகிறவரை வெயில் இலையைக் கருக்கிவிடாமல் காக்கிற குடை அது என்று சிலர் சொல்கிறார்கள். அதோடு காம்படியில் மரமே ஒரு தடுப்பையும் கட்டிக்கொள்கிறது, இலை விழுந்த இடத்தில் காயம் திறந்து கிடப்பதில்லை. போகப்போகிற ஒன்றுக்கு, கடைசி வாரங்களில், புதிதாக ஒரு நிறம். எத்தனை இலை இருக்கும் அந்த மரத்தில். ஒவ்வொன்றுக்கும். யாரும் பார்க்காவிட்டாலும். திட்டினாலும்.

நேற்று மாலை ஒரு இலை ஜன்னல் கம்பி வழியாக உள்ளே வந்து விழுந்தது. கோமதி எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தாள்.

"கனமே இல்லம்மா. எல்லாத்தையும் குடுத்துட்டு வந்திருக்கு."

மரம் அனுப்புவதற்கு முன்னால் கொடுத்ததையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறது. நான் மசாலா டப்பாவிலிருந்து இட்லிக் குண்டான் வரை அவள் பெட்டிக்குள் திணித்துக்கொண்டிருக்கிறேன். போகும்போது புதுப்பட்டு உடுத்திப் பார்க்க வேண்டும் என்பதில் மட்டும் மரமும் நானும் ஒன்று. மாட்டுங்கா கடையில் சிவப்பில்தான் எடுத்து வைத்திருக்கிறேன் மதினி, நீங்கள் ஆறப்போடச் சொன்ன பிறகும் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

சகுனம் பார்க்கிற பழக்கம் எனக்கு எப்போதுமே கிடையாது. பூனை குறுக்கே போனால் பூனைக்கு வேலை இருக்கிறது என்று நினைப்பவள். நீங்களும் இந்த மரத்தைச் சகுனமாகப் பார்க்காமல் மரமாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். அடுத்த ஞாயிறு வாருங்கள். காலையிலேயே வந்துவிடுங்கள், அடுப்படிக்குள் வெயில் வருகிற நேரம். எதுவும் பேச வேண்டாம். அங்கே நின்று பாருங்கள், அதற்குப் பிறகு வைகாசியைப் பற்றி நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணாச்சிக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம், இந்த வரியையாவது அவர் எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். உங்கள் வீட்டில் எல்லோரும் நிறைந்த சுகத்தோடு இருக்க, கோமதி அம்பாள் துணை நிற்பாள்.

இப்படிக்கு,
உங்கள் மதினி
சங்கரேஸ்வரி நம்பிராஜன்

பி.கு.: உறையில் போடுவதற்கு முன்னால் இதை என் கணவர் படித்துப் பார்க்கட்டும் என்று கொடுத்தேன். பாதி படித்ததும் தண்ணீர் கேட்டார். அன்றைக்கு லிஃப்ட் இல்லை அல்லவா, பட்டு வேட்டி தடுக்கியதாம், மேலே ஃபோட்டோகிராஃபர் வேறு கூப்பிட்டாராம். ஆரத்தி தரை வரைக்கும் போகவே இல்லை. மூன்றாவது மாடிப் படிக்கட்டில், யாரும் பார்க்காத நேரம், ராஜலக்ஷ்மியின் மணி பிளாண்ட் தொட்டியில் ஊற்றிவிட்டுத் திரும்பிவிட்டார். இதைச் சொல்லப் பயந்துதான் மன்னிப்பு எழுதிக் கொடுக்கச் சொன்னாராம். உடனே இறங்கிப் போய்ப் பார்த்தேன். தைக்குப் பிறகு அது கைப்பிடிக் கம்பி முழுக்கச் சுற்றி, ஜன்னலைத் தாண்டி, நாலாவது மாடிக்கு, எங்கள் வாசலைப் பார்த்து ஏறிக்கொண்டிருக்கிறது. குரூப்பில் போன வாரம் அவர் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேலே எழுதியிருப்பதில் சகுனம் பற்றிய வரிகளை மட்டும் படிக்காமல் விட்டுவிடுங்கள். இத்துடன் ஒரு சிவப்பு இலையும், ஈரத்துணியில் சுற்றி அந்தக் கொடியில் ஒரு துண்டும் அனுப்பியிருக்கிறேன். ராஜலக்ஷ்மியைக் கேட்காமல்தான் ஒடித்தேன். திருடி நட்ட மணி பிளாண்ட்தான் நன்றாக வரும் என்று உங்களுக்கும் தெரியும்.