நாற்பத்தோராவது விதி

பொடி எழுத்தைப் படித்த மனிதன் இந்த உலகத்தில் இதுவரை பிறக்கவில்லை. இனிமேல் பிறந்தாலும் கண்ணில் கோளாறோடுதான் பிறப்பான். இது ஒரு கிரெடிட் கார்டு கம்பெனியின் கட்டணப் பிரிவு மேலாளர் கண்டறிந்த உண்மை. அன்று காலை சாப்பாட்டு மேசையில், கோட்டை மாட்டிக்கொண்டு, கையில் காப்பிக் கோப்பையோடு, அதைத் தன் மனைவிக்கு ஆறாவது முறையாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கோட்டைக் கழட்டி வெச்சுட்டு காப்பியக் குடிங்க," என்றாள் மனைவி. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எந்தப் பேச்சையும் விடையிலிருந்து ஆரம்பிப்பாள்.

"ஒத்திகை பாக்கறப்ப கழட்டக் கூடாது. நாலு மணிக்கு இயக்குநர்கள் முன்னாடி இதே கோட்டோடதான் நிக்கணும். துணைத் தலைவர் பதவி சும்மா வருமா?"

தாமதக் கட்டணம் எல்லாக் கம்பெனியிலும் உண்டு. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. தாமதமாகப் போகிறது என்று நினைவூட்டுவதற்கு ஒரு கட்டணம், நினைவூட்டலைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு கட்டணம், பாக்கி எதுவும் இல்லை என்று தெரிவிப்பதற்கு ஒரு கட்டணம். இந்த மூன்றும் அவருடைய சொந்த மூளையில் உதித்தவை. இவற்றையும் இவற்றின் உறவுக்காரர்களையும் சேர்த்து நாற்பது விதிகளாக எழுதி, எறும்பே கண்ணாடி போட்டுத்தான் படிக்க வேண்டும் என்ற அளவில், விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் அச்சிட வைத்திருந்தார். அலுவலகத்தில் அவருக்குப் 'பொடியெழுத்து' என்று பட்டப்பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாகவே வாங்கிக்கொண்டார்.

ஐந்து வருஷத்துக்கு முன்பு ஓர் இயக்குநர், "யாராவது உக்காந்து படிச்சுட்டா?" என்று சந்தேகப்பட்டார். அவர் வாயை அடைக்கவே பொடியெழுத்து நாற்பத்தோராவது விதியைச் சேர்த்தார்: 'இந்த வரியைப் படித்ததாக எவரேனும் எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் தெரிவித்தால், அவருடைய கட்டணங்கள் ஆயுள் முழுவதற்கும் ரத்து செய்யப்படும். இதை எழுதிய மேலாளர் அன்றே வேலையிலிருந்து நீக்கப்படுவார்.'

"அஞ்சு வருஷம். லட்சக்கணக்கான கையெழுத்து. ஒரு போன் வரலை," என்றார் அவர்.

"வந்திருந்தா வீட்டு வாடகைய யாரு கட்டியிருப்பா?"

"அதான் வரலையே." வரவே வராது என்பதைக் காட்டக் கையை வீசினார். காப்பி இருந்த கை.

இடது மார்பில், பதக்கம் குத்தும் இடத்தில், பதக்க அளவில் கறை விழுந்தது. இருவரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

"வேற கோட்டு இல்லை," என்றார் அவர்.

இயக்குநர்களின் அறைக்குள் கோட்டில்லாமல் இதுவரை ஒரே ஒருவர்தான் நுழைந்திருக்கிறார். அவர் அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தின் எந்த அறைக்குள்ளும் நுழையவில்லை.

மனைவி பையைத் தோளில் மாட்டினாள். "காலருக்கு உள்ள ஒரு சீட்டு தச்சிருக்கும். எப்படித் துவைக்கணும்னு அதுல போட்டிருக்கும். படிச்சுட்டு எதையும் செய்ங்க. எனக்கு முதல் பீரியடே கிளாஸ்."

"பொடியா இருக்குமா?"

"பொடியாத்தான் இருக்கும்."

"நான் அதை எழுதுற ஜாதி. படிக்கிற ஜாதி இல்ல."

அவள் கிளம்பிப் போனாள். கதவு மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சாத்திக்கொண்டது.

அவர் ஈரத்துணியால் கறையைத் துடைத்தார். பதக்கம் உள்ளங்கை அளவுக்குப் பதவி உயர்வு பெற்றது. பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டுத் தேய்த்தார். கறை வெளுத்தது, கூடவே கோட்டின் நீலமும் வெளுத்தது. கோட்டு முழுவதையும் ஒரே மாதிரி வெளுக்கவிட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்று தோன்றியது. கட்டணப் பிரிவில் பல பிரச்சினைகளை அவர் இப்படித்தான் தீர்த்திருக்கிறார்.

ஆகவே கோட்டை வாஷிங் மிஷினில் போட்டார். சோப்புத்தூள் பெட்டியிலும் பொடியாக ஏதோ எழுதியிருந்தது. அதைத் திருப்பி வைத்துவிட்டு மூன்று மூடி கொட்டினார். மிஷினின் முகத்தில் பல படங்கள் இருந்தன. இருப்பதிலேயே சூடு அதிகமாகத் தெரிந்த படத்தை அழுத்தினார். அலுவலகத்துக்குப் போன் செய்து, "பேச்சைத் தயார் பண்ணிட்டு நேரா மீட்டிங்குக்கு வந்துடறேன்," என்றார். மூன்று மணி நேரம் மிஷின் உறுமியது. அவர் அதன் முன்னால் நின்று, யாரும் படிப்பதில்லை என்ற தலைப்பில் பேசிப் பழகினார். சோப்பு நுரை கதவிடுக்கு வழியாக வந்து காலடியில் உட்கார்ந்து கேட்டது.

கோட்டு வெளியே வந்தது. கறை சுத்தமாகப் போயிருந்தது. கோட்டிலும் பெரும்பகுதி போயிருந்தது.

படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினார். மதிய இடைவேளையில் அவள் கூப்பிட்டாள்.

"யாரோட கோட்டு அது? எதிர்வீட்டு நாய்க்குத் தச்சிருக்காங்களா?"

"என்னோடது."

மறுமுனையில் பிள்ளைகள் ஏதோ வாய்ப்பாடு ஒப்பித்தார்கள்.

"சீட்டைப் படிச்சீங்களா?"

"இப்ப அது முக்கியமா?"

"தெருமுனைச் சலவைக்கடைக்குப் போங்க. அந்தம்மா சுருங்கினதை நீட்ட என்னமோ கண்டுபிடிச்சு வெச்சிருக்காங்களாம். அவங்க சொல்றதையாவது கேளுங்க."

சலவைக்கடையில் வெந்நீராவியும் சோப்பும் கலந்த வாசனை. மேசைக்குப் பின்னால் கடைக்காரம்மா உட்கார்ந்திருந்தார். கழுத்தில் கயிறு கட்டி ஒரு பூதக்கண்ணாடி தொங்கியது. முதுகுக்குப் பின்னால் கம்பியில் முப்பது நாற்பது கோட்டுகள் வரிசையாகத் தொங்கின. கடைக்காரம்மா சின்னக் கோட்டை வாங்கி, காலரைப் புரட்டி, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

"'குளிர்ந்த நீரில் கையால் மட்டும்'னு போட்டிருக்கே சார்."

"இருக்கட்டும். நீட்ட முடியுமா? நாலு மணிக்கு வேணும்."

"மாப்பிள்ளை மேல போட்டுப் பாக்கலாம். முதல்ல ரசீதுல ஒரு கையெழுத்து. பின்பக்கம் பொடியா இருக்கும், படிச்சுட்டுப் போடுங்க."

பொடியெழுத்து சிரித்தார். காலையிலிருந்து இதுதான் முதல் சிரிப்பு.

"அம்மா, தொழில்காரங்களுக்குள்ள ஒரு உண்மை சொல்றேன். இதையெல்லாம் உலகத்துல யாரும் படிக்க மாட்டாங்க. நீங்க இங்க என்ன வேணா எழுதிக்கலாம்."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க," என்றார் கடைக்காரம்மா, பின்னால் தொங்கிய கோட்டுகளைத் திரும்பிப் பார்த்து. பொடியெழுத்து சுழித்துக் கையெழுத்துப் போட்டார்.

மாப்பிள்ளை என்பது இரும்பில் செய்த, தலையில்லாத ஓர் ஆள். உள்ளே ஆவி ஓடும். கைப்பிடியைச் சுற்றினால் தோளும் கையும் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். மேலே போட்ட கம்பளித் துணியும் கூடவே நீளும்.

"நானே கண்டுபிடிச்சது," என்றார் கடைக்காரம்மா. "ஒரு கம்பெனிக்காரங்க விலைக்குக் கேட்டாங்க. அவங்க ஃபார்ம்ல பொடியா ஒண்ணு போட்டிருந்தது. போயிட்டு வாங்கன்னு சொல்லிட்டேன்."

கோட்டை மாப்பிள்ளைக்கு மாட்டி, ஆவியைத் திறந்துவிட்டு, வாசலில் வந்து நின்ற போர்வை மூட்டையை எண்ணப் போனார். மணி இரண்டரை. கோட்டின் கை ஒரு விரல் அளவு நீண்டிருந்தது. பொடியெழுத்துக்குப் பொறுமை இல்லை. கைப்பிடிக்குப் பக்கத்தில் தகட்டில் ஏதோ பொறித்திருந்தது. பொடியாக இருந்ததால் அவர் கண் தானாக அதைத் தாண்டிப் போனது. கைப்பிடியைப் பதின்மூன்று முறை சுற்றினார்.

கடைக்காரம்மா திரும்பி வந்தபோது கோட்டின் உடம்பு இன்னும் சின்னப்பிள்ளைக்கு ஆகும் அளவில்தான் இருந்தது. கைகள் மட்டும் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தன.

"'மூன்று சுற்றுக்கு மேல் கூடாது'ன்னு தகட்டுல இருக்கே சார்."

"சரி, திருப்பிச் சுத்துங்க."

"மாப்பிள்ளைக்கு முன்னாடி போகத்தான் தெரியும்."

"அப்ப?"

"ஏழு நாள் ஊறப்போட்டா பழைய நிலைமைக்கு வரலாம்." கடைக்காரம்மா ரசீதைத் திருப்பினார். "ஒன்பதாவது விதி. வாடிக்கையாளர் தானே கைப்பிடியைச் சுற்றினால் சுற்றுக் கட்டணம் உண்டு. பத்து. சுற்றுக் கட்டணம் உண்டு என்று நினைவூட்டுவதற்குக் கட்டணம் உண்டு. இப்ப நினைவூட்டிட்டேன். பதினொண்ணு. நினைவூட்டலைப் பெற்றுக்கொண்டதற்கும் உண்டு. உங்களுக்குக் காது நல்லா கேக்குமில்ல?"

தொலைந்துபோன சொந்தப் பிள்ளை, யார் வீட்டிலோ நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்து, எதிரே வந்து தன்னையே அடையாளம் தெரியாமல் பார்ப்பது போலப் பொடியெழுத்துக்கு இருந்தது.

போன் அடித்தது. இயக்குநரின் செயலாளர்.

"சார், மணி மூணு. எல்லாரும் வந்துட்டாங்க. உங்க அஞ்சு வருஷ சாதனையப் பத்திதான் பேச்சே. ஒரு போன் கூட வரலைன்னு பெரியவர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாரு. இன்னிக்கு நீங்க வரலைன்னா பதவியை வசூல் பிரிவுக்குக் குடுத்துடுவாங்க போல. கோட்டோட வந்துடுங்க சார்."

போனை வைத்தார். கடையில் இருந்த ஒரே முக்காலியில் உட்கார்ந்தார். பதினேழு வருஷ உழைப்பு, நீண்ட கைகளோடு, தலையில்லாத மாப்பிள்ளை மேல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா," என்றார். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் குரல் வந்தது. கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லி அவர் அலுவலகத்துக்குப் போன் பண்ணுகிறவர்களின் குரல். "ஏதாவது வழி பண்ணுங்கம்மா. நான் பிள்ளைகுட்டிக்காரன்."

"எத்தனை பிள்ளைங்க?"

"இன்னும் இல்ல. இருந்தாலும்."

கடைக்காரம்மா கழுத்திலிருந்து பூதக்கண்ணாடியைக் கழற்றி, ரசீதோடு நீட்டினார். "வழி இதுலயே இருக்கு. படிங்க."

"எந்த வரின்னு சொல்லிடுங்களேன். நேரமாகுது."

"சொல்றதுக்குக் கட்டணம் இருக்கு சார். படிக்கறதுக்கு இல்ல."

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். தெரிந்தவர்கள் யாரும் இல்லை. முக்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடியைக் கண்ணருகே பிடித்து, முதல் விதியிலிருந்து ஆரம்பித்தார். உதடு அசைந்தது. விரல் வரிக்கு வரி நகர்ந்தது. பதினைந்தாவது விதியில் கழுத்து வலித்தது. இருபதாவது விதியில் கண்ணில் நீர் வந்தது. பூதக்கண்ணாடியால் வந்ததா, எழுத்தால் வந்ததா என்று தெரியவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் அடுத்து எங்கே திரும்பும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்தது.

"இதை யாரும்மா எழுதினது?"

"சொந்தமா எழுத எனக்கு ஏது படிப்பு? ஒரு கார்டு ஃபார்ம் பின்னாடி இருந்தது. கார்டுன்னு இருக்கற இடத்துல எல்லாம் துணின்னு போட்டேன். எவனோ படுபாவி, அருமையா எழுதியிருக்கான். கடைசியில ஒண்ணை மட்டும் நானா மாத்திக்கிட்டேன்."

அவர் நிமிரவில்லை. காது மட்டும் சிவந்தது. மூன்றரைக்கு நாற்பதாவது விதிக்கு வந்து சேர்ந்தார்: 'இதுவரை பொறுமையாகப் படித்தவரிடம் எந்தக் கட்டணமும் வாங்கப்படாது. அவருடைய துணி தயாராகும்வரை, கடையில் தொங்கும் கோட்டு ஒன்றை இரவலாக எடுத்துச் செல்லலாம்.'

அதை இரண்டு முறை படித்தார். கடைக்காரம்மா எழுந்து போய்க் கம்பியிலிருந்து சாம்பல் நிறக் கோட்டு ஒன்றை எடுத்துவந்தார். அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது.

"யாரோடதும்மா இது?"

"படிக்காம கையெழுத்து போட்டுட்டுப் போனவரோடது."

அவர் கோட்டைக் கழற்றினார். காலரைப் புரட்டி, பூதக்கண்ணாடியை வைத்து, உள்ளே தைத்திருந்த சீட்டை வாய்க்குள்ளேயே முழுவதும் படித்தார். பிறகு மறுபடி மாட்டிக்கொண்டார். வாசல்வரை போனவர், எதையோ மறந்துவிட்டவர் போலத் திரும்பினார்.

"அந்தக் கார்டு ஃபார்ம்ல நாப்பதோட முடியலையே. இன்னொண்ணு இருந்திருக்கணுமே." கேட்ட பிறகுதான், கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது.

கடைக்காரம்மா பூதக்கண்ணாடியை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, போர்வைகளை மடிக்க ஆரம்பித்தார்.

"இருந்தது சார், நாப்பத்தொண்ணு. போன் பண்ணா அதை எழுதினவனுக்கு வேலை போயிடும்னு போட்டிருந்தான். யார் பெத்த பிள்ளையோ, பாவம். இந்தத் தெருவுல மட்டும் பதினெட்டு பேர் படிச்சிருக்கோம், யாரும் போன் பண்ணித் தொலைச்சுடாதீங்கன்னு அஞ்சு வருஷமா நான்தான் எல்லாரையும் பிடிச்சு வெச்சிருக்கேன்."