சாந்த சொரூபியின் நற்சாட்சிப் பத்திரம்

புதுக்கடை என்ற ஊருக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலைக்கு வருகிறவர் குணசீலராக இருக்க வேண்டும் என்று உத்தரவு இருந்தது. குணத்தைத் தோண்டிப் பார்க்க முடியாதாகையால், நற்சாட்சிப் பத்திரத்தைப் பார்த்துத் திருப்தியடைவது வழக்கம். செல்வதாஸ் வாத்தியாரின் பத்திரத்தில் ‘சாந்த சொரூபி’ என்றே எழுதியிருந்தது.

மேற்படி சாந்த சொரூபி, கணக்குத் தப்பிய இசபெலின் விரலை ரூல்தடியால் ஒடித்துவிட்டார். அவள் தாய் ஜெபகனி, சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்கிறவள், கிழங்கைப் போட்டது போட்டபடி ஓடிவந்தாள். மேலிடத்துக்குப் புகார் போனது. விசாரணைக்குப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து, முதற்காரியமாக இளநீர் குடித்தார்.

“எனக்க மோளுக்க வெரலப் பாருங்க ஏமானே!”

இன்ஸ்பெக்டர் பத்திரத்தைப் பார்த்தார். “இவர் சாந்த சொரூபி. சாந்த சொரூபி அடிக்கமாட்டார். ஆகவே அடி விழவில்லை.”

“பின்னே வெரலு எப்பிடி ஒடிஞ்சுது?”

“உன் மகள் சொல்வதைத்தானே நம்ப வேண்டும்? அவளுக்கு நற்சாட்சிப் பத்திரம் உண்டா?”

“எட்டு வயசுப் பிள்ளைக்கா?”

“வாங்கி வா. வகுப்பு வாத்தியார் கையொப்பம் வேண்டும்.”

வகுப்பு வாத்தியார் செல்வதாஸ்தான்.

மறுநாள் ஜெபகனி பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்து, வருகிற தாய்மாரிடமெல்லாம் மகளின் கையைத் தூக்கிக் காட்டினாள். அந்த வாரமே பெஞ்சுகள் காலி. பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடத்தில் தமக்கு என்ன உத்தியோகம் என்று ஹெட்மாஸ்டர் ஆறுமுகப்பெருமாளுக்கு வியர்த்தது. ஊரைக் கூட்டினார்.

“வாத்தியார இராஜாக்கமங்கலத்துக்கு அனுப்பிருவோம். ஆனா நல்ல பத்திரம் இருந்தாத்தான் அங்க எடுப்பாவ. எல்லாரும் ஒப்புப் போடணும்.”

“அங்கேயும் பிள்ளையள அடிப்பாரே?” என்றாள் ஜெபகனி.

“ஏட்டி, அங்க நமக்கு ஆரு இருக்கா?” என்றது கூட்டம்.

ஜெபகனி மகளின் கையைப் பார்த்தாள். மகள் இந்த வகுப்புக்குத்தான் திரும்ப வேண்டும். ‘தங்கமான மனுஷர், பிரிய மனமில்லை’ என்று முடிந்த தாளில் கைநாட்டு வைத்துவிட்டு, மையை முந்தானையில் அழுத்தித் துடைத்தாள்.

செல்வதாஸ் மாலையும் கழுத்துமாக வண்டியேறினார்.

திங்கட்கிழமை புது வாத்தியார் வந்தார். ஹெட்மாஸ்டர் அவருடைய பத்திரத்தை உரக்கப் படித்தார்: “கருணைக் கடல். கண்ணீரோடு அனுப்பி வைக்கிறோம்.” கீழே ஏதோ ஓர் ஊரே ஒப்புப் போட்டிருந்தது. கைநாட்டுகளுக்கு இடம் போதாமல் பின்பக்கமும் நிறைந்திருந்தது.

வாசலில் நின்ற தாய்மார் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.