ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சு

"பிரி," என்றார் டீச்சர்.

டாக்டரம்மா தலையணை உறையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். ஓரத்தில் அவள் போட்ட தையல் நன்றாகத்தான் கிளம்பியிருந்தது. பாதி வழியில் என்ன நினைத்துக்கொண்டதோ, இடது பக்கம் திரும்பிவிட்டது. இதே உறையை இதோடு மூன்றாவது முறையாகப் பிரிக்கிறாள்.

"கோணல்கூடப் பரவாயில்லம்மா. ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சுப் போட்டு நூலை வேற வெட்டுறியே, யாரு உனக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தது?"

மருத்துவக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் அதை அங்கே சொல்ல முடியாது. அந்தச் சனிக்கிழமைத் தையல் கூட்டத்தில் அவள் டாக்டர் என்பதே யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி ஆபீஸில் வேலை என்று சொல்லி வைத்திருந்தாள்.

அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. டாக்டர் என்று தெரிந்தால் போதும், எந்த வீட்டுக்குப் போனாலும் ஒருவர் நாக்கை நீட்டிக் காட்டுகிறார், இன்னொருவர் முழங்காலை மடக்கிக் காட்டுகிறார். இங்கேயாவது நிம்மதியாக ஊசி பிடிக்கலாமே என்றுதான் முதல் நாள் அந்தப் பொய்யைச் சொன்னாள். அடுத்த வாரம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வந்தாள். அதற்குள் டீச்சர் அவளுடைய முதல் தையலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டுவிட்டார். இந்த லட்சணத்தில் தைக்கிறவள், நான் ஊரார் வயிற்றையெல்லாம் தைக்கிற டாக்டர் என்று எந்த வாயால் சொல்வாள்?

ஆஸ்பத்திரியில் அவள் கை தேர்ந்த கை. அங்கே ஊசி வளைந்திருக்கும், அதை இடுக்கியால் பிடிப்பாள், ஒரு தையல் போட்டால் ஒரு முடிச்சு. நேரான ஊசியை விரலால் பிடிக்கச் சொன்னால்தான் விரல் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது.

கூட்டம் என்றால் பெரிய கூட்டம் இல்லை, நாலே பேர். வீடு வக்கீலம்மாவுடையது. அவர் ஸ்வெட்டர் பின்னுவார், ஒரு கை எப்போதும் நீளமாக வந்துவிடும். போட்டுக்கொள்கிறவர் கையில்தான் குறை என்று கடைசிவரை வாதாடுவார். டீச்சர் கணக்கு டீச்சர், தையலுக்கும் தையலுக்கும் நடுவே ஸ்கேல் வைத்துப் பார்க்கிறவர். பஸ் டிரைவர் ஒருவர், வண்டி கிளம்பும்வரை ஸ்டாண்டில் உட்கார்ந்து மப்ளர் பின்னிப் பழகியவர். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் அவருடைய மப்ளர் இப்போது ஒரு குடும்பத்துக்கே போதுமான நீளத்துக்கு வந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நடந்து வந்தால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். இங்கேயோ, "ஏ கோணல், அந்த டீயை இப்படித் தள்ளு," என்பார்கள். அந்த ஒரு 'ஏ கோணல்' கேட்பதற்காக அவள் வாரம் முழுக்கக் காத்திருந்தாள். அத்தனை சந்தோஷம் அவளுக்கு.

அன்றைக்கு டீ குடித்துக்கொண்டே வக்கீலம்மா செய்தியைப் போட்டு உடைத்தார். தொப்புளுக்கு மேலே ஹெர்னியாவாம். ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாராம். இனிமேல் தாங்காது என்று ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டாராம்.

"உன் ஆஸ்பத்திரிதான், கோணல். ஓ.பி.யில சின்ன டாக்டர்தான் பாத்தாரு. கத்தி பிடிக்கப்போறது யாரு, கை எப்படின்னு நீதான் விசாரிச்சுச் சொல்லணும்."

அந்த ஆஸ்பத்திரியில் கத்தி பிடிப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் பெரிய டாக்டர். இன்னொருவர் இங்கே உட்கார்ந்து தலையணை உறையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்.

"பெரிய டாக்டர்தான் பண்ணுவாருக்கா. ரொம்ப ராசியான கை," என்று டாக்டரம்மா சட்டென்று சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை அவரிடம் சொல்லி ஏற்பாடு செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

டிரைவருக்கு ஒரே உற்சாகம். ராசியான கைக்கு நாம் ஏதாவது செய்ய வேண்டாமா என்றார். ஆபரேஷன் செய்யும்போது டாக்டர்கள் தலையில் துணித் தொப்பி போடுவார்களே, அதை நாமே தைத்துக் கொடுப்போம் என்று முடிவானது. அந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள்தான் தைக்க வேண்டும் என்று டீச்சர் தீர்ப்புச் சொன்னார். மஞ்சள் வாத்து போட்ட துணி ஒன்று அவள் மடியில் வந்து விழுந்தது.

"தலை அளவு தெரியுமா?" என்று கேட்டார் டீச்சர்.

"என் தலை அளவுதான் இருக்கும்."

"பேருதான் பெரிய டாக்டரா?"

திங்கட்கிழமை பெரிய டாக்டர் அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். மகளுக்குப் பிரசவம், வெளிநாடு போகிறார், வர ஒரு மாதம் ஆகும். தேதியைத் தள்ளி வைக்கவும் டாக்டரம்மாவுக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. இன்னும் தள்ளினால் குடல் போய்ச் சிக்கிக்கொள்ளும், அப்புறம் அவசரம் அவசரமாகத் தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டியிருக்கும்.

வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன என்று வக்கீலம்மாவுக்குப் போன் போட்டுப் பார்த்தாள். அது இன்னும் வினையாகப் போய்விட்டது. சொந்த ஆஸ்பத்திரியை நீயே வேண்டாம் என்கிறாயே, அங்கே என்ன நடக்கிறது என்று வக்கீலம்மா குறுக்கு விசாரணையில் இறங்கிவிட்டார். ஒன்றுமே நடக்கவில்லை என்று நிரூபிப்பதற்குள் காது சூடாகிவிட்டது. போதாததற்கு, ஆபரேஷன் செய்கிற டாக்டரை நேரில் பார்த்துக் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

வேறு வழி இல்லை. உண்மையைச் சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும். கோணல் கையில் வயிற்றைக் கொடுக்க மாட்டேன் என்று அக்கா எழுந்து போய்விடுவார், உடம்பு கெட்டுப்போகும். இல்லை, இத்தனை நாள் பொய் சொன்னாயா என்று மனசு விட்டுப்போய்விடும். சனிக்கிழமையும் போச்சு, அக்காவும் போச்சு. யோசித்துப் பார்த்த டாக்டரம்மாவுக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

எனவே தொப்பி, முகமூடி, பெரிய கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு, தொண்டையில் சளி கட்டிய குரலோடு வக்கீலம்மாவைப் பார்க்கப் போனாள். சளிதானே, முகமூடி போட்டிருப்பது நியாயம்தான் என்று கூட வந்த பெரிய சிஸ்டர் நினைத்துக்கொண்டார்.

"பெரிய டாக்டர் ஆம்பளைன்னு சொன்னாங்களே," என்றார் வக்கீலம்மா.

"அவர் லீவு. நான்தான் பண்றேன்," என்று டாக்டரம்மா கரகரத்தாள்.

எத்தனை வருஷ அனுபவம், எவ்வளவு நேரம் ஆகும், எப்போது எழுந்து நடக்கலாம் என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் கரகரத்தே பதில். கடைசியில் வக்கீலம்மா பேனாவை எடுத்தார், போடப்போனவர் நிறுத்தினார்.

"தையல் நேரா வருமா டாக்டர்?"

பதில் சொல்ல வேண்டிய டாக்டரம்மாவுக்கு நிஜமாகவே தொண்டை அடைத்துக்கொண்டது. தலையை மட்டும் ஆட்டினாள். இன்னொரு விஷயம், முழு மயக்கம் கூடாது என்றார் வக்கீலம்மா. எனக்குத் தெரியாமல் என் வயிற்றில் எந்த நடவடிக்கையும் நடக்கக் கூடாது என்பது அவர் கட்சி. அதற்கும் தலையை ஆட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை வக்கீலம்மா முழு விவரமும் சொன்னார். ஆள் மாறிவிட்டது, லேடி டாக்டர், சளி பிடித்திருக்கிறது, கண்ணை மட்டும்தான் பார்த்தேன், எங்கேயோ பார்த்த கண்ணாக இருக்கிறது. டாக்டரம்மாவுக்கு டீ புரையேறியது. டிரைவர் எழுந்து வந்து உச்சந்தலையில் தட்டிவிட்டு, லேடி டாக்டர் என்றால் கொண்டைக்கும் இடம் வேண்டுமே, தொப்பியைப் பிரித்துத்தான் தைக்க வேண்டும் என்றார்.

"பிரி," என்றார் டீச்சர்.

பிரித்தாள். தைத்தாள். டீச்சர் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் பிரிக்கச் சொன்னார். யாரோ ஒரு டாக்டர் தலையில் ஏறப்போகிற தொப்பிக்கு இத்தனை கெடுபிடியா என்று கேட்டதற்கு, ஒழுங்கு என்று வந்தால் தொப்பி என்ன, தலை என்ன என்றார். முடிச்சுப் போடாமல், நூலை வெட்டாமல், ஊசியை ஒரே ஓட்டமாக ஓட்டிக்கொண்டே போகவும் கையைப் பிடித்துக் காட்டினார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், பொழுது சாய்வதற்குள் ஒரு முழு ஓரம் நேராக வந்துவிட்டது. அவள் எழுந்து ஒரு குதி குதித்தாள். மூன்று பேரும் கை தட்டினார்கள்.

ஆபரேஷன் அன்று தன் கையால் தைத்த வாத்துத் தொப்பியைத் தானே மாட்டிக்கொண்டு தியேட்டருக்குள் போனாள். பெரிய சிஸ்டர் தொப்பியைப் பார்த்தார். பிறகு கையுறையை நீட்டினார்.

மயக்க டாக்டர் முதுகில் ஊசி போட்டு, நெஞ்சுக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார். நடுவே பச்சைத் துணித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் வக்கீலம்மாவின் வாய் மட்டும் மரத்துப்போகவில்லை. மயக்க டாக்டரின் வீட்டுத் தகராறு ஒன்றைக் கேட்டு, இலவசமாக யோசனைகூடச் சொல்லி முடித்தார். உள்ளே வேலை நன்றாகவே நடந்தது, ஹெர்னியா இருந்த இடம் தெரியாமல் அடைந்தது. தோலைத் தைக்க வேண்டியதுதான் பாக்கி.

"டாக்டர், எங்க கூட்டத்துல ஒருத்தி இருக்கா," என்று தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "தையல்தான் கோணல், மனசு நேரு. அவ வராத சனிக்கிழமை எங்களுக்குச் சனிக்கிழமையாவே இருக்காது."

டாக்டரம்மாவின் கண் நிரம்பிவிட்டது. வேர்க்கிறது போலிருக்கிறது என்று பெரிய சிஸ்டர் துடைத்துவிட்டார்.

அவள் ஊசியை எடுத்தாள். முதல் தையல் போட்டதும் கை தன்னால் முடிச்சுப் போடப் போனது. காதுக்குள் டீச்சர் குரல் கேட்டது. முடிச்சை விட்டுவிட்டு ஊசியை ஒரே ஓட்டமாக ஓட்டினாள், சம இடைவெளி, சம அகலம், கடைசிவரை ஒரே நேர்கோடு. இத்தனை அழகாக அவள் தன் வாழ்நாளில் தைத்ததில்லை. பெரிய சிஸ்டர் குனிந்து பார்த்துவிட்டு, என்ன மேடம், இன்றைக்குப் புதுத் தினுசாக இருக்கிறதே என்றார்.

இரண்டு நாள் கழித்து, இனி வருவது வரட்டும் என்று முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு டாக்டரம்மா வார்டுக்குப் போனாள். வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புமாகத்தான் போனாள். கட்டிலில் வக்கீலம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் டீச்சர், இன்னொரு பக்கம் மப்ளர் பின்னிக்கொண்டு டிரைவர்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஆபீஸ்ல வேலைன்னு சொன்னது பொய். உங்களுக்கு ஆபரேஷன் பண்ணது நான்தான். சொன்னா நீங்க எழுந்து போயிடுவீங்களோன்னு பயந்துட்டேன். மன்னிச்சுருங்கக்கா."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் கட்டு மாற்றுவதற்காகப் பெரிய சிஸ்டர் வந்து பழைய கட்டைப் பிரித்தார். டீச்சர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே குனிந்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாகப் பார்த்தார்.

"பாஸ்," என்றார்.

வக்கீலம்மா அப்பாடா என்று தலையணையில் சாய்ந்தார். டாக்டரம்மா ஒன்றும் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். டிரைவர்தான் பாவம் பார்த்து, பின்னலை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"ஏம்மா தங்கச்சி, ஆஸ்பத்திரி வாசல்லயே உன் போட்டோவை மாட்டி வெச்சிருக்காங்க. அதைப் பாத்துட்டு வந்ததுலேர்ந்து வக்கீலம்மா ஆபரேஷனுக்கு வாய்தா மேல வாய்தா வாங்கினதே, முதல்ல நீ நேராத் தைக்கக் கத்துக்கட்டும்னுதானே!"