ரொட்டிக்கடைக்காரர் சாவும் அப்பாவுக்கு வந்த மாலையும்

நான் புத்தகம் படிக்கும்போது என்னிடம் யாரும் எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் 'உம்' என்பேன். அதற்குச் சம்மதம் என்று பொருளில்லை, மறுப்பு என்றும் பொருளில்லை. காது கேட்காமலே மூக்கு தானாகப் போடும் ஒரு சத்தம், அவ்வளவுதான். "மாட்டுக்குத் தண்ணி காட்டினியாடா?" என்று அம்மா கேட்பாள். உம். "கிருஷ்ணாயில் வாங்கியாந்துட்டியா?" உம். சாயங்காலம் மாடு தொண்டை வறண்டு கத்தும், விளக்கு எரியாது, முதுகில் அடி விழும். (இந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. என் மனைவி இதை வைத்தே சில பட்டுப்புடவைகள் எடுத்துவிட்டாள்.)

அந்த 'உம்' எங்கள் அப்பாவைக் கொன்ற கதை இது.

எண்பதுகளின் நடுவில் நான் பட்டம் வாங்கிவிட்டு, வேலை கிடைக்காமல், விழுப்புரம் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த ஒரு வாடகை நூல்நிலையத்தில் ஏறக்குறையக் குடியிருந்தேன். துப்பறியும் கதைகளும் காதல் கதைகளும் தீர்ந்தபிறகு, மூலையில் கிடந்த மொழிபெயர்ப்புப் போர் நாவல்களுக்கு வந்து சேர்ந்தேன். ராஜாவும் சேனாதிபதியும் வாள் சுழற்றும் வகை அல்ல. ஊரின் மேல் குண்டு விழும்போது நாளைக்கு மாவுக்கு எங்கே போவது என்று கவலைப்படுகிறவர்கள், காயப்போட்ட துணியை எடுக்காமல் ஓடிவிட்டோமே என்று பதுங்குகுழிக்குள் புலம்புகிறவர்கள், இவர்களுடைய கதைகள். எங்கள் தெருவில் நான் பார்த்த பெரிய போர் குழாயடியில் நடந்ததுதான். ஆனாலும் அந்தக் கதைகளில் வந்தவர்கள் எல்லாம் எனக்கு எதிர்வீட்டுக்காரர்கள் மாதிரி இருந்தார்கள். அவர்களுக்காக உண்மையாகவே கவலைப்பட்டேன். வீட்டில் இருந்தவர்களுக்காகக் கவலைப்படத்தான் நேரமில்லை.

வீட்டில் அப்போது கவலைப்பட வேண்டிய ஆள் என் அக்கா விஜயா. அவளுக்கு இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாகத் திண்டிவனத்தில் ரைஸ்மில் வைத்திருந்தவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை செல்வத்தை அக்காவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. (அவள் சொல்லவில்லை. பெண் பார்த்துவிட்டுப் போன அன்று எங்களுக்குக் காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்தாள், அதில் தெரிந்தது.) பூ வைத்தாகிவிட்டது. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா சகுனம் பார்க்கிறவர். பல்லி கத்தியது என்பதற்காக முன்பு ஒரு சம்பந்தத்தையே விட்டவர் என்று கேள்வி. கழுத்தில் தாலி ஏறும்வரை அம்மாவுக்குத் தூக்கம் கிடையாது.

ஜோசியர் தேதி குறித்துக் கொடுத்தார். ஒரு சனிக்கிழமை காலையில், தேதியைச் சொல்லிவிட்டு வரும்படி என்னை அனுப்பினார்கள். சும்மா போகக்கூடாது என்று ஒரு பை பச்சை மல்லாட்டையும் (வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) கொடுத்தாள் அம்மா. "அங்க போய்ப் பல்லிளிச்சுக்கினு நிக்காத. சேதியச் சொல்லு, குடுக்கற காப்பியக் குடி, ஜல்தியா வந்துடு" என்றாள். அக்கா வாசல்வரை வந்து, "சட்டையை உள்ளே விட்டுக்கினு போடா" என்றாள். சட்டைக்குள் ஏற்கெனவே புத்தகம் இருந்தது.

அதற்கு அட்டை இல்லை. பெயர் தெரியாது, எழுதியவர் தெரியாது. ஏதோ ஒரு குளிர்தேசத்து ஊர். அங்கே ஒரு ரொட்டிக்கடைக்காரர். போர் வந்த பிறகும் விடியற்காலையில் எழுந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பார். ஊரே காலி செய்துகொண்டு ஓடும்போது, "நான் போயிட்டா இங்கே இருக்கிறவங்க காலையில என்ன தின்னுவாங்க?" என்று கேட்பார். மகள் ஒருத்தி. மாவு குறையக் குறைய ரொட்டி சின்னதாகிக்கொண்டே போகும், ஆனால் கடை மட்டும் மூடாது.

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தாராம். என் பையைத் திறந்து பார்த்து, பருப்பை நசுக்கிப் பார்த்து, தரம் சொல்லிவிட்டு, எங்கே போகிறேன் என்று விசாரித்தார். அக்கா கல்யாணம், தேதி, ரைஸ்மில் வீடு எல்லாம் சொன்னேன்.

"அட, நம்ம ரைஸ்மில்லு வூடா! ரொம்ப வேண்டியவங்களாச்சே" என்று மகிழ்ந்தவர், விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் என் தோளிலேயே தூங்கிவிட்டார். நான் புத்தகத்தை எடுத்தேன்.

கூட்டேரிப்பட்டு வந்தபோது போர் முடிந்துவிட்டது. கோயில் மணி அடிக்கிறார்கள், ஜனங்கள் தெருவில் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். ரொட்டிக்கடைக்காரர் பல மாதங்களுக்குப் பிறகு முழு அளவில் சுட்ட ரொட்டியைக் கூடையில் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வருகிறார். போர் முடிந்த செய்தி எட்டாத ஒருவன் எங்கிருந்தோ சுடுகிறான். கூடை உருள்கிறது.

நான் அழுதேன். கண்ணில் நீர் கோத்தது என்றெல்லாம் நாகரிகமாகச் சொல்லமுடியாது. மூக்கு ஒழுக, தோள் குலுங்க, சத்தம் போட்டு அழுதேன். அந்தக் குலுக்கலில்தான் மண்டிக்காரர் விழித்தார். அப்புறம் அவர் என்னிடம் பேசியதெல்லாம் எனக்குத் தெரியாது. பிறகு அவர் ஊரைக்கூட்டிச் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

"இன்னா தம்பி, ஏன் அழுவறே? வூட்டுல துக்கமா?"

"உம்."

"அடப்பாவமே! அதான் கல்யாணத் தேதின்னு எங்கிட்ட மறைச்சியா? யாரு, அப்பாவா?"

"உம்."

"சின்னப் புள்ள, நீ எப்பிடிப் போய் அங்க சொல்லுவே? நானே போய்ச் சொல்லிடட்டா?"

"உம்."

சாவுச் செய்தி கொண்டுபோகிறவன் வழியில் கேட்கிறவர்களிடம் எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொல்லமாட்டான், வேறு எதையாவது சொல்லி மழுப்புவான். எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஆகவே என்னைச் சந்தேகப்பட அவருக்கு ஒரு காரணமும் இல்லை. திண்டிவனத்தில் இறங்கி, என் தலையைத் தடவிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டார். எனக்கோ இன்னும் கடைசி அத்தியாயம் பாக்கி. அழுத முகத்தோடு சம்பந்தி வீட்டுக்குப் போகக்கூடாது என்று எனக்கு நானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். மறுநாள் விடியற்காலையில் மகள் எழுந்து கடையைத் திறந்து அடுப்பு மூட்டுகிறாள். அதோடு கதை முடிகிறது. மறுபடியும் கொஞ்சம் அழுதேன். முகத்தைக் கழுவி, ஒரு டீ குடித்து, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனேன்.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "அவுங்க எல்லாம் வேன் வெச்சிக்கினு விழுப்புரம் போயிட்டாங்கப்பா. பொண்ணோட அப்பா தவறிட்டாராம்" என்றாள்.

காலையில் எனக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்த அப்பா! மல்லாட்டைப் பையை எங்கே விட்டேன் என்று இன்றுவரை தெரியாது. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் தொற்றினால், வந்த அதே பஸ், அதே கண்டக்டர். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "இன்னா தம்பி, ரெண்டாம் பாகமா?"

விழுப்புரத்தில் நடந்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கேட்டுக் கேட்டு, பார்த்தவர்களைவிட எனக்குத்தான் அது தெளிவாகத் தெரியும். வேன் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு இறங்கி, "பூ வெச்ச வாசம்கூட போவலியே, அதுக்குள்ள இப்பிடியா ஆவணும்!" என்று எங்கள் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். ஒருத்தி அழுதுகொண்டு வந்து கட்டிக்கொண்டால் கூடவே அழவேண்டும். யார், என்ன என்பதெல்லாம் அழுது முடித்த பிறகு கேட்டுக்கொள்கிற சமாசாரம். கேட்டு அழுவது மரியாதையில்லை. எனவே அம்மாவும் குரலெடுத்து அழுதாள். அழுதுகொண்டே யோசித்தாள். பூ வைத்த வாசம் என்றால், போனது மாப்பிள்ளை! அடுத்த அடிக்கு அம்மாவின் குரல் தெருக்கோடிவரை கேட்டது. "ராசா மாதிரி இருந்தாரே!" என்றாள். "ராசாதான், ராசாவேதான்!" என்று ஆமோதித்தார் சம்பந்தியம்மா.

உள்ளே மாவாட்டிக்கொண்டிருந்த அக்காவுக்கு இது கேட்டது. எழுந்து வந்தாள். சம்பந்தி வீட்டு ஜனம் பூராவும் இருக்கிறது, செல்வத்தை மட்டும் காணோம். மாவுக்கையோடு அப்படியே நிலைப்படியில் சரிந்து உட்கார்ந்து அழுதாளாம். வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமே வராமல். மாவு முகமெல்லாம் அப்பியது. அந்த நேரத்தில்தான், வேன் மேலே கட்டியிருந்த ஆளுயர மாலையை அவிழ்த்துத் தூக்கிக்கொண்டு செல்வம் உள்ளே வந்தார்.

அக்கா பார்த்தாள். அம்மா பாதி அழுகையில் நிறுத்திவிட்டு, "அப்ப யாரு?" என்றாள்.

அன்றைக்குச் சனிக்கிழமை என்று சொன்னேனில்லையா? அப்பா கொல்லைக் கிணற்றடியில் எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தார். வாசலில் அழுகைச் சத்தம் கேட்டு, தலையெல்லாம் சீயக்காய், கண் எரிந்து திறக்க முடியாமல், இடுப்பில் ஈரத்துண்டோடு சுவரைத் தடவிக்கொண்டு வந்து, "யாரு, யாரு செத்தது?" என்றார்.

அழுதவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் மாப்பிள்ளையின் அப்பா, பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நீங்கதான் சம்பந்தி."

நான் வந்து சேர்ந்தபோது இரண்டு குடும்பமும் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. நான் அப்பாவைப் பார்த்ததும் அவர் காலைக் கட்டிக்கொண்டு கதறினேன். "இவன்தான்! இந்தப் புள்ளதான் உம்முன்னு சொல்லிச்சு!" என்று எழுந்தார் மண்டிக்காரர். (துக்கத்துக்கு அவரும் வந்திருந்தார்.) அம்மாவுக்கு அந்த ஒரு சொல் போதும்.

"பெரியவரே, அப்ப இவன் கையில புஸ்தகம் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

அம்மா விளக்குமாற்றைத் தேடினாள். ஆனால் யார் கண்ணும் என் மேல் இல்லை. எல்லாரும் சம்பந்தியம்மாவையே பார்த்தார்கள். கல்யாண வீட்டுக்குள் சாவு மாலை வந்துவிட்டது. பல்லிக்கே சம்பந்தத்தை விட்டவர். அக்கா தூணுக்குப் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் அப்பிய மாவை அவள் கழுவவே இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்து நான் எதற்கும் காத்திருந்ததில்லை. நாவல்களில் குண்டு விழப்போகும் நேரத்தில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்களே, அது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அங்கே குண்டு போட்டவன் வேறு யாரோ. இங்கே நான்.

சம்பந்தியம்மா முடியை முடிந்துகொண்டார். "பொய்யா சாவு சேதி வந்தா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாங்க" என்றார். பிறகு அக்காவைக் காட்டி, "எம் புள்ள போயிட்டான்னு நெனச்சு இது அழுவுனத நான் எங்கண்ணால பாத்தேன். இதுக்கு மேல இன்னா சகுனம் பாக்கறது? எப்பதான் தேதி? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தேதி மறந்துபோயிருந்தது.

மாலையை எங்கள் எருமை தின்றது. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. செல்வம் மாமா அன்றிலிருந்து நான் எந்தச் செய்தி கொண்டுபோனாலும், "மச்சான், மொதல்ல கையக் காட்டு" என்பார். இரண்டு கையையும் விரித்துக் காட்டவேண்டும். புத்தகம் இல்லையென்றால்தான் செய்தி செல்லும். என் கல்யாணத்தில் தாலி கட்டப்போகும் நேரத்தில்கூட மேடை ஏறி வந்து கையைப் பார்த்தார். அவர் பிள்ளைகளும் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள்.

சம்பந்தியம்மா சொன்ன ஆயுசு பலித்தது. அப்பா பேரன்களின் கல்யாணம் வரை பார்த்துவிட்டு, ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. திண்டிவனத்துக்கு நான்தான் போன் செய்தேன். மாமா எடுத்தார். "மாமா, அப்பா போயிட்டாரு" என்றேன்.

மாமா ரொம்பவும் ஆசையோடு கேட்டார்: "மச்சான், கையில ஏதாச்சும் புஸ்தகம் வெச்சிருக்கியா?"

"இல்ல மாமா" என்றேன்.