தேத்தண்ணி குடிக்காத ஆராய்ச்சி

படிப்பு ஏற ஏற மூளை கழன்றுபோகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம், நானே போதும். அப்போது சர்வதேசக் கற்கைகளில் முதுகலை செய்துகொண்டிருந்தேன். இடம்பெயர்ந்து திரும்பிய பத்துக் குடும்பங்களை நேர்கண்டு அறிக்கை கொடுத்தால், எங்கள் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து திட்டம் நடத்திய வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆறு மாதம் படிக்கலாம். (பயணப்பெட்டி வாங்கியாயிற்று.)

ஒன்பது வீடு முடிந்தது. எல்லாரும் எங்கள் சொந்தக்காரர். "ஒரே பக்கத்து ஆக்களை வைத்தா ஆராய்ச்சி?" என்று மேற்பார்வையாளர் சீறியதால், பத்தாவதாகக் கீரிமலைப் பக்கம் பரமேஸ்வரி அக்கா வீட்டுக்கு ஸ்கூட்டியில் போனேன். பல வருசம் முகாமில் இருந்து, ஆமி பிடித்திருந்த காணி விடுபட்டதும் திரும்பி வந்தவர். எங்கள் சாதியில்லை. அதற்கு முதல்நாள்தான் நான் ஆய்வு நெறிமுறைகளைக் கடைசிப் பக்கம்வரை வாசித்துத் தொலைத்திருந்தேன்.

நல்ல கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்தார்.

"வேண்டாம் அக்கா. உங்களிட்டை ஒண்டும் வாங்கக் கூடாதெண்டு எங்களுக்கு விதி."

"தண்ணியெண்டாலும் குடியுங்கோ பிள்ளை."

"தண்ணியும் கூடாது," என்றேன். பெருமையாக வேறு சொன்னேன்.

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் தண்ணி வாங்கிக் குடிக்காவிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சின்னப்பிள்ளைக்கும் தெரியும். முதுகலைக்காரிக்கு அந்த நேரம் மறந்துபோயிற்று.

அக்கா நான் கொடுத்த சம்மதப் படிவத்தை மடித்து என் கையில் திருப்பித் தந்தார். "முகாமிலை எல்லாரும் ஒரே பைப்பிலைதான் குடிச்சம். சொந்தக் காணிக்கு வந்தவுடனை திருப்பித் தொடங்கிட்டியளோ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. படிவத்தை விரித்து அதிலிருந்த விதியைக் காட்டினேன்.

"உது இங்கிலீசிலையெல்லோ கிடக்கு."

கோப்பையைத் தூக்கி ஒரே மூச்சில் குடித்தேன். நாக்கு வெந்து கண்ணால் தண்ணி ஓடியது. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இனித் தப்பினேன் என்று நினைத்தேன்.

"சரி பிள்ளை, நான் உங்கடை வீட்டை வந்தால் எதிலை தருவியள்?"

மானிப்பாயில் எங்கள் கிணற்றடியில் ஒரு தகரப்பேணி கவிழ்ந்து கிடக்கும். தேங்காய் பிடுங்க வருகிறவருக்கு அதில்தான் தேத்தண்ணி. பொய் சொல்ல வாய் வரவில்லை. உண்மை சொல்லவும் வரவில்லை. அக்கா வெறுங்கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். "போயிட்டு வாங்கோ," என்றார்.

மறுநாள் அறிக்கை கொடுக்கக் கடைசி நாள்; பேட்டியும் இல்லை, பயணமும் இல்லை. அன்றைக்கே அந்தப் பேணியை எடுத்து எறிந்தேன். அம்மா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

இப்போதும் வீட்டுக்கு யாரும் வந்தால் தம்பி தொடங்கிவிடுவான்: "எங்கடை அக்காவுக்கு ஊத்த முதல் விதியைக் கேளுங்கோ. தேத்தண்ணி வேண்டாமெண்டு வெளிநாட்டைத் துலைச்ச ஆள்." எல்லாரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பார். நாக்கு வெந்த இடத்தோடு கதை முடிந்துவிடும். பரமேஸ்வரி அக்கா கேட்ட கேள்வியை எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்வதில்லை. நானும் இவ்வளவு காலமும் சொன்னதில்லை.