வரிக்காக ஒரு கல்யாணம்

"தபால் வந்துதா?" என்றாள் லாஸ்யா.

பார்கவ் கையிலிருந்த பீட்சாக் கடை விளம்பரத்தைக் காட்டினான். அவளுடைய பாஸ்போர்ட் இன்றும் வரவில்லை. குண்டூரில் அவர்கள் கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்தாயிற்று, பத்திரிகையும் கொடுத்தாயிற்று. மணப்பெண் இருப்பதோ டல்லாஸில், அவள் பாஸ்போர்ட் இருப்பதோ அமெரிக்க வரித்துறையின் ஏதோ ஒரு மேஜையில்.

எல்லாம் மூர்த்தியால் வந்த வினை. வரிக் கணக்கு எழுதித் தரும் அந்தப் புண்ணியவான்தான் டிசம்பரில் ஆரம்பித்து வைத்தான்.

"வருஷக் கடைசி நாள்ல கல்யாணம் ஆகியிருந்தா வருஷம் பூரா ஆனதாத்தான் கணக்குடா. ஜோடியாக் காட்டு, வரி நல்லாக் குறையும்."

பார்கவ் லாஸ்யாவைக் கோர்ட்டுக்கு அழைத்துப் போனான். நீதிபதி கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டு, அவரவர் அறைக்குப் போனார்கள். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. தாலி ஏறினால்தானே கல்யாணம்!

லாஸ்யா மாணவி. ஜோடிக் கணக்குக்கு அவள் வரி எண்ணும் வேண்டும்; வேலைக்கே போகாதவளுக்கு அது ஏது? அதை வாங்க அசல் பாஸ்போர்ட்டையே அனுப்பச் சொன்னான் மூர்த்தி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று அப்போதே யாராவது சொல்லியிருக்கலாம்.

இப்போது பார்கவ் அவனையே போனில் பிடித்தான்.

"தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிக் குடுத்துப் புதுசு வாங்கிடு," என்றான் மூர்த்தி.

"பழசோட விசாவும் போயிடுமேடா! ஊருக்குப் போனவ எப்படித் திரும்பி வருவா?"

"அதுவும் சரிதான். அப்ப மாமனார்கிட்ட ஏதாவது சொல்லிச் சமாளி."

மாமனாரை ஸ்பீக்கரில் கூப்பிட்டுச் சமாளித்தான்.

"மாவய்யா, எனக்கு லீவு கிடைக்கல. முகூர்த்தத்தைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கலாமா?"

"நீங்க மெதுவா வாங்க மாப்பிள்ளை. பொண்ணை முதல்ல அனுப்புங்க. சின்னதா ஒரு பூஜை இருக்கு, அவ மட்டும் வந்தாப் போதும்."

"அவளுக்குப் பரீட்சை இருக்கே..."

"முடிஞ்சிடுச்சுன்னு நேத்துத்தானே சொன்னா?"

லாஸ்யா தலையில் அடித்துக்கொண்டாள்.

"புரிஞ்சுபோச்சு," என்றார் மாமனார். "அங்க உங்களுக்கு வேற ஏதோ பொண்ணு இருக்கு. இந்தக் கல்யாணமே வேண்டாம். இப்பவே நிறுத்திடறேன்!"

லாஸ்யாவின் கண் கலங்கியது. அதைப் பார்த்ததும் பார்கவ் முடிவுசெய்துவிட்டான். வரியாவது மண்ணாவது, இவள் இல்லாமல் அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"மாவய்யா, உண்மையைச் சொல்லிடறேன். எனக்குக் கோர்ட்ல கல்யாணமே ஆயிடுச்சு."

"அடப்பாவி! யாரோட?"

"லாஸ்யாவோடதான்."

மறுமுனையில் யாரோ போனைப் பிடுங்கும் சத்தம். மாமியார். அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. எந்தத் திட்டுக்கும் தயாராக பார்கவ் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஏழுமலையான் வெங்கன்னா காப்பாத்திட்டான் மாப்பிள்ளை! அவ ஜாதகத்துல முதல் கல்யாணம் நிலைக்காதாம். உங்களுக்குத் தெரியாம ஒரு வாழைமரத்துக்குக் கட்டிவச்சு, கையோட மரத்தை வெட்டிடலாம்னுதான் அவளை முன்னாடியே வரச் சொன்னோம். இனி மரம் எதுக்கு, அதான் முதல் புருஷனா நீங்க இருக்கீங்களே! முகூர்த்தத்துக்குள்ள நல்ல விவாகரத்து வக்கீலாப் பாருங்க."