கெரட்டின் இக்கா கொடுத்த கேரண்டி

கொச்சி மட்டாஞ்சேரியில் முடி வெட்டிக்கொள்ளப் போய், புரதத்தைப் பற்றிப் பாடம் கேட்காமல் தப்பி வந்தவன் ஒருவன்கூடக் கிடையாது. காரணம், சலூன்காரர் கெரட்டின் இக்கா. எங்கள் பக்கம் அண்ணனை இக்கா என்போம்; சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

எப்போதோ எர்ணாகுளத்தில் சலூன்காரர்களுக்கு இரண்டு நாள் வகுப்பு நடந்தது. மற்றவர்கள் மதியப் பிரியாணியோடு கழன்றுகொண்டார்கள். இவர் கடைசிவரை இருந்து, சுவரில் மாட்டியிருந்த முடியின் படத்தையும் கேட்டு வாங்கி வந்துவிட்டார். கடையில் நடிகர்கள் சிரித்துக்கொண்டிருந்த இடத்தில் அன்றிலிருந்து அந்தப் படம்தான். முடியும் கெரட்டின் என்கிற புரதம்தான், நகமும் கெரட்டின், மாட்டுக் கொம்பும் கெரட்டின். சரக்கு ஒன்றுதான், கட்டுகிற விதம் மாறினால் வேலையும் மாறும் என்பார். சொல்லி முடிக்கும்வரை கத்தரி அந்தரத்தில் நிற்கும். பாதி மீசையோடு நான் முழுப் பேப்பரையும் படித்திருக்கிறேன்.

முடிக்குப் புரதம் சேரட்டும் என்று ஒருவர் தலையில் முட்டையைத் தேய்த்துக்கொண்டு வந்துவிட்டார். இக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, “முட்டைய வாயில போடு மோனே. முடிக்கு வாய் இல்ல” என்று திருப்பி அனுப்பினார்.

எனக்குப் பெண் பார்த்த சமயம். நான் பிறவிச் சுருட்டை. அக்கா பெண் வீட்டுக்கு வாட்ஸாப்பில் அனுப்பிய படத்திலோ மொபைலின் புண்ணியத்தில் என் முடி மழமழவென்று நேராக இருந்தது. பெண் சபீனாவின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தச் சம்பந்தம் போயும் போயும் முடியாலா கெட வேண்டும்? பெண் பார்க்கப் போக வேண்டிய ஞாயிறன்று காலையிலேயே இக்காவிடம் ஓடினேன்.

அவர் சுவரில் இருந்த முடிப் படத்தைத் தொட்டுக் காட்டினார். முடியின் வடிவத்தைப் பிடித்து வைப்பவை இரண்டு கட்டுகளாம். கந்தகக் கட்டு பலமானது. மருந்து போட்டால்தான் அறும், அதை அவர் தொடமாட்டார். இன்னொன்று லேசானது, சூட்டில் விட்டுவிடும், ஆறியதும் புது வடிவத்தில் பிடித்துக்கொள்ளும், ஈரம் பட்டால் பழைய குணத்துக்கே போய்விடும்.

“சாயங்காலம் வரைக்கும் கேரண்டி. மழை மட்டும் படக்கூடாது” என்றார். இடவப்பாதி மழைக்காலத்தில், கொச்சியில், மழை படக்கூடாதாம்!

பெண் வீடு காயலுக்கு அக்கரையில், எர்ணாகுளத்தில். இஸ்திரி போட்ட தலையோடு படகுத்துறைக்குப் போனால், அத்தாவுக்கும் அக்காவுக்கும் பின்னால் இக்கா குடையோடு நிற்கிறார். கேரண்டி கொடுத்தவர் கூடவே வர வேண்டுமாம். நடுக்காயலில் சாரல் பக்கவாட்டில் அடித்தது. குடையை இப்படியும் அப்படியும் சாய்த்து என் தலையைக் காப்பாற்றி, தான் தொப்பலாக நனைந்தார். மழையைத் தடுத்தாரே தவிர, ஈரக்காற்றை என்ன செய்வது? அக்கரையில் இறங்கி பிராட்வே கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் நெற்றியில் முதல் சுருள் கிளம்பியது. பெண் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது வலப்பக்கம் சுருட்டை, இடப்பக்கம் நேர்.

சபீனாவின் அத்தா என் தலையைப் பார்த்தார், மொபைலைப் பார்த்தார். படத்தில் இருப்பது வேறு ஆளா என்று கேட்டார். அக்கா சாயா கிளாசுக்குள் குனிந்துகொண்டாள்.

இக்கா எழுந்தார். “தப்பு என்னோடது. நான்தான் சூடு வெச்சு நேராக்கினேன். லேசான கட்டு, ஈரக்காத்துல விட்டுப்போச்சு. பலமான கட்டு அப்படியேதான் இருக்கு. பன்னெண்டு வருஷமா இந்தத் தலைய நான் பிடிச்சிருக்கேன். பொய் சொல்ற பையன் இல்ல. இன்னைக்கு உங்க மோள் கிடைக்காம போயிடுவாளோன்னு பயந்துட்டான்.”

எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். அப்போது உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு. கூடவே சபீனாவின் குரல்.

“அத்தா, அவங்கள உட்காரச் சொல்லுங்க. அந்த இக்காவுக்கு ஒரு துண்டு குடுங்க.”

இப்போது எங்களுக்கு இரண்டு பிள்ளைகள்; இரண்டும் சுருட்டை. இக்காவுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. எதிரிலேயே ஏசி சலூன் வந்திருக்கிறது. ஆனாலும் என் தலை அவரிடம்தான். ஒரு காதோரம் ஏறி, ஒரு காதோரம் இறங்கித்தான் வீடு திரும்புகிறேன். சபீனா என்னைக் கண்ணாடி முன் உட்காரவைத்து, சின்னக் கத்தரியால் அதைச் சமன் செய்வாள். முடித்ததும் ஒவ்வொரு முறையும் சொல்வாள்: “இக்காகிட்ட சொல்லிடாதீங்க.”